கிருமிக்கொல்லி சோப்பும் சாதாரண சோப்பும்

அடுத்த முறை கடைக்குச் சோப்பு வாங்கப் போகும்போது, அதன் உறையைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "99.9% கிருமிகளைக் கொல்லும்" என்பது போல ஒரு வாசகம் இருக்கக்கூடும். பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய சிறிய எழுத்தில், அந்தச் சோப்பில் சேர்ந்துள்ள பொருள்களின் பட்டியல் இருக்கும். டிரைக்ளோசான், டிரைக்ளோகார்பன், குளோரோசைலினால், பென்சால்கோனியம் குளோரைடு என்ற பெயர்களில் ஏதேனும் ஒன்று அந்தப் பட்டியலில் கண்ணில் பட்டால், நீங்கள் கையில் வைத்திருப்பது கிருமிக்கொல்லி சேர்த்த சோப்பு என்று அறியலாம்.

முதலில் அந்த 99.9 என்ற எண்ணைப் பார்ப்போம். உங்கள் உள்ளங்கையில் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 99.9 சதவீதம் அழிந்தால் மீதி எத்தனை? ஆயிரம்! சூழ்நிலை ஒத்துவந்தால் ஒரு பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். ஆயிரம் மீண்டும் பத்து லட்சமாக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மேலும், இத்தகைய எண்கள் ஆய்வுக்கூடத்தில், குறிப்பிட்ட சில கிருமிகளின் மேல், குறிப்பிட்ட நேரம் மருந்தை வைத்திருந்து பெற்றவை. குழாயடியில் நாம் அவசரமாகக் கை கழுவுவதற்கும் அந்தச் சோதனைக்கும் உள்ள தூரம் அதிகம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சாதாரண சோப்பு செய்யாத எதையேனும் இந்தக் கிருமிக்கொல்லிகள் செய்கின்றனவா? நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் இவற்றை உடலில் தேய்த்துக்கொள்வதால் தீங்கு உண்டா?

சோப்பு என்ன செய்கிறது?

எண்ணெயையோ கொழுப்பையோ காரத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு கிடைக்கும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சோப்பின் மூலக்கூறு தலைப்பிரட்டையைப் போன்ற வடிவம் உடையது. அதன் தலை நீருடன் ஒட்டும். நீண்ட வால் நீரைக் கண்டால் விலகி எண்ணெயோடு ஒட்டும். கையிலுள்ள எண்ணெய்ப் பசையில்தான் அழுக்கும் கிருமிகளும் சிக்கிக்கொண்டிருக்கின்றன. சோப்பு மூலக்கூறுகள் தம் வால்களை அந்த எண்ணெய்ப் பசைக்குள் செருகி, தலைகளை வெளியே நீட்டி, ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் பந்து போலச் சூழ்ந்துகொள்கின்றன. பிறகு நீரை ஊற்றினால் அந்தப் பந்துகள் அழுக்கையும் கிருமியையும் சுமந்தபடி ஓடிப்போகின்றன.

சோப்பின் முதன்மையான வேலை கிருமியைக் கொல்வது அன்று. கையிலிருந்து பெயர்த்து அகற்றுவதே. கிருமி செத்துச் சாக்கடையில் விழுந்தால் என்ன, உயிரோடு விழுந்தால் என்ன? கையை விட்டுப் போனால் போதும் அல்லவா? சில கிருமிகளைச் சோப்பு கொல்லவும் செய்கிறது. இன்ஃபுளுயன்சா வைரசுக்கும், 2020-ஆம் ஆண்டில் உலகையே வீட்டுக்குள் அடைத்த கொரோனா வைரசுக்கும் வெளியுறை கொழுப்பால் ஆனது. சோப்பின் வால்கள் அந்த உறைக்குள் நுழைந்து அதைக் கிழித்துவிடும். உறை கிழிந்த வைரஸ் நோய் தர இயலாது.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். நம் தோலின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் எல்லாமே பகைவர்கள் அல்லர். அவற்றை நிலையாகக் குடியிருப்பவை, வந்து போகும் வழிப்போக்கர்கள் என இரு வகையாகப் பிரிக்கலாம். குடியிருப்பவை பெரும்பாலும் தீங்கற்றவை; இடத்தைப் பிடித்துக்கொண்டு வேறு கிருமிகள் காலூன்றாதபடி தடுப்பவையும் அவற்றில் உண்டு. வயிற்றுப்போக்கையும் சளிக்காய்ச்சலையும் கொண்டு வருபவை பெரும்பாலும் வழிப்போக்கர்களே. இவை தோலில் ஆழ வேரூன்றாதவை. தேய்த்துக் கழுவினால் போய்விடும். தோலை நுண்ணுயிரே இல்லாத பாலைவனமாக்க வேண்டிய தேவை வீட்டில் யாருக்கும் இல்லை.

முன்பு நடந்த ஒரு கொடுமை

கிருமிக்கொல்லிகளை அன்றாடப் பொருள்களில் கலக்கும் வழக்கம் புதிதன்று. 1950-களிலும் 60-களிலும் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற பொருள் மேலை நாடுகளில் சோப்பு, முகப்பூச்சு, குழந்தைகளுக்கான பவுடர் என எங்கும் கலக்கப்பட்டது. மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளை அதைக் கொண்டே குளிப்பாட்டினார்கள். 1972-ல் பிரான்சு நாட்டில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. குழந்தைகளுக்கான ஒரு பவுடரில், தயாரிப்பின்போது நேர்ந்த தவறால், ஹெக்சாகுளோரோஃபீன் 6 சதவீதத்துக்கும் மேலாகக் கலந்துவிட்டது. பூசப்பட்ட குழந்தைகளின் தோல் வழியாக அது உடலுக்குள் சென்று நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. நோயுற்ற குழந்தைகள் 204 பேர். இறந்தவர்கள் 36 பேர். அதே ஆண்டில் அமெரிக்க அரசும் இப்பொருளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது.

தோலை நாம் மதிற்சுவர் போல எண்ணுகிறோம். உண்மையில் அது பல பொருள்களை, சிறிது சிறிதாக, உள்ளே விடும் சல்லடை. பச்சிளங் குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது.

ஹெக்சாகுளோரோஃபீன் விட்டுச் சென்ற இடத்தைப் பிடித்துக்கொண்டது டிரைக்ளோசான். 1960-களில் சுவிட்சர்லாந்து நாட்டில் உருவாக்கப்பட்ட இப்பொருள், 1972-ஆம் ஆண்டு வாக்கில் அறுவை மருத்துவர்கள் கை கழுவும் திரவமாக மருத்துவமனைக்குள் நுழைந்தது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுவைக்கூடத்தில் கிருமிக்கொல்லிக்கு வேலை உண்டு. ஆனால் அங்கிருந்து அது வீட்டுக்கு வந்தது. சோப்பு, பற்பசை, வியர்வை நாற்றம் போக்கும் பூச்சு, காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகை, காலுறை, விளையாட்டுப் பொம்மை என்று புகாத இடமில்லை. காலுறைக்கு எதற்குக் கிருமிக்கொல்லி என்று அன்றே யாரேனும் உரக்கக் கேட்டிருக்கலாம்.

கராச்சியில் நடந்த சோதனை

கிருமிக்கொல்லி சோப்பு சாதாரண சோப்பை விட மேலானதா? இதற்கு விடை காணச் சிறந்த இடம் நோய் மலிந்த இடமே. பாகிஸ்தானின் கராச்சி நகரில், நல்ல குடிநீரும் கழிவு வசதியும் போதாத குடியிருப்புகளில், 2002-லும் 2003-லும் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஸ்டீபன் லூபி என்ற மருத்துவ அறிவியலாளரும் அவரது குழுவினரும் அதை நடத்தினார்கள். 300 குடும்பங்களுக்கு டிரைக்ளோகார்பன் சேர்த்த சோப்பு இலவசமாகக் கொடுக்கப்பட்டது. வேறு 300 குடும்பங்களுக்குச் சாதாரண சோப்பு. தோற்றத்தில் வேறுபாடு தெரியாதபடி இரண்டும் ஒன்று போலவே செய்யப்பட்டிருந்தன. இரு பிரிவினருக்கும் எப்போது, எப்படிக் கை கழுவ வேண்டும் என்று கற்றுக்கொடுக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இவை எதுவும் கொடுக்கப்படாத மூன்றாவது பிரிவு ஒன்றும் இருந்தது. களப் பணியாளர்கள் ஓராண்டுக் காலம் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று, எந்தக் குழந்தைக்கு என்ன நோய் வந்தது என்று குறித்துக்கொண்டார்கள்.

முடிவு 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. சாதாரண சோப்பைப் பயன்படுத்திய வீடுகளில், மூன்றாவது பிரிவுடன் ஒப்பிடுகையில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே நிமோனியா 50 சதவீதம் குறைந்திருந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களிடையே வயிற்றுப்போக்கு 53 சதவீதமும், கொப்புளச் சிரங்கு 34 சதவீதமும் குறைந்திருந்தன. இந்த எண்களை மீண்டும் ஒருமுறை படியுங்கள். ஏழை நாடுகளில் சிறு குழந்தைகளின் உயிரைக் குடிக்கும் நோய்களில் முன்னணியில் நிற்பவை நிமோனியாவும் வயிற்றுப்போக்கும். அவற்றைப் பாதியாகக் குறைக்க வெறும் சோப்பும் கை கழுவும் பழக்கமும் போதுமானதாக இருந்தன!

சரி, கிருமிக்கொல்லி சேர்த்த சோப்பைப் பயன்படுத்திய வீடுகளில்? அங்கும் ஏறத்தாழ அதே அளவுதான் குறைந்திருந்தது. டிரைக்ளோகார்பன் சேர்த்ததால் கூடுதலாக ஒரு பயனும் காணப்படவில்லை.

நியூயார்க் நகரில் 238 குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2004-ல் வெளியான ஆய்விலும், கிருமிக்கொல்லி சேர்த்த பொருள்களைப் பயன்படுத்தியவர்களுக்கும் சேர்க்காதவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கும் சளி, இருமல், வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஏன் இப்படி? 2015-ல் தென் கொரிய அறிவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. 0.3 சதவீதம் டிரைக்ளோசான் சேர்த்த சோப்பையும் சேர்க்காத அதே சோப்பையும் இருபது வகைப் பாக்டீரியாக்களின் மேல் அவர்கள் சோதித்தார்கள். நாம் கை கழுவும் நேரமான 20 விநாடிகளில் இரண்டுக்கும் வேறுபாடு தென்படவில்லை. டிரைக்ளோசானின் கொல்லும் திறன் தெளிவாகத் தெரிந்தது ஒன்பது மணி நேரம் கழித்தே! சோப்பு நுரையுடன் ஒன்பது மணி நேரம் கை கட்டி நிற்பவர் யார்?

பூட்டைப் பழுதாக்கும் சாவி

கொல்ல இவ்வளவு நேரம் எடுப்பது ஏன் என்று கேட்பீர்கள். இதற்கு விடை பாக்டீரியாவின் செல்லுக்குள் இருக்கிறது. விஷயம் சற்று நுட்பமானது. ஆனால் இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுவே.

டிரைக்ளோசான் கோடரியைப் போன்றது, அகப்பட்ட இடத்திலெல்லாம் வெட்டிச் செல்லைப் பிளக்கும் என்றே நெடுங்காலம் கருதினார்கள். கோடரிக்குத் தப்ப உயிர்கள் கற்றுக்கொள்வது கடினம். ஆகவே இதற்கு எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாக்கள் தோன்றா என்று நம்பினார்கள். 1998-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டுவர்ட் லெவி என்பவரின் ஆய்வுக்கூடம் இந்த நம்பிக்கையை உடைத்தது. குறைந்த செறிவில் டிரைக்ளோசான் கோடரியே அன்று. அது ஒரேயொரு பூட்டைப் பழுதாக்கும் போலிச் சாவி என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள்.

பாக்டீரியா தன் செல் சவ்வைக் கட்டக் கொழுப்பு அமிலங்களைத் தானே தயாரிக்க வேண்டும். அந்தத் தயாரிப்பின் கடைசிப் படிகளில் ஒன்றை நடத்தும் நொதிக்கு எனாயில் ரிடக்டேஸ் என்று பெயர். (பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், வேலையைப் புரிந்துகொண்டால் போதும்.) டிரைக்ளோசான் இந்த நொதிக்குள் போய் இறுக உட்கார்ந்துகொள்கிறது. நொதி வேலை செய்யாது, புதிய சவ்வு உருவாகாது, பாக்டீரியா வளராது. உள்ளே இருக்கும் சரக்கு தீரும் வரை அது தாக்குப்பிடிக்கும். உடனே சாகாததற்குக் காரணம் இப்போது விளங்குகிறதா?

பூட்டு ஒன்றே ஒன்று என்றால், அதை மாற்றிக்கொண்ட திருடன் தப்பித்துவிடுவான். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஏதோ ஒன்றில், தற்செயலான மரபணு மாற்றத்தால், அந்த நொதியின் வடிவம் சிறிது மாறியிருக்கலாம். போலிச் சாவி அதில் நுழையாது. மற்றவை வளராமல் நிற்க, அது மட்டும் பெருகும். சில பாக்டீரியாக்கள் வேறு வழியையும் கையாளுகின்றன. உள்ளே வந்த நச்சை வெளியே இறைத்துவிடும் 'இறைப்பான்கள்' அவற்றின் சவ்வில் உள்ளன. ஏற்றம் இறைப்பது போலத்தான்! சங்கடம் என்னவென்றால், அதே இறைப்பான்கள் மருத்துவர் கொடுக்கும் சில நோயெதிர் மருந்துகளையும் சேர்த்தே வெளியே இறைத்துவிடுகின்றன.

இந்தியாவில் வாழும் நாம் இதைக் கவலையுடன் பார்க்க ஒரு காரணம் உண்டு. காசநோய்க் கிருமியிலும் இதே வகை நொதி இருக்கிறது. காசநோய்க்கு 1952 முதல் பயன்பட்டு வரும் ஐசோநையசிடு என்ற மருந்து தாக்குவதும் அதே நொதியைத்தான். சென்னையில் 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நோயாளி சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டு குணமடையலாம் என்று உலகுக்குக் காட்டியது அம்மையம். அந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு ஐசோநையசிடு. காசநோய்க் கிருமியின் தீங்கற்ற உறவினரான ஒரு பாக்டீரியாவை டிரைக்ளோசானில் வளர்த்தபோது, அந்த நொதி மாறிய வகைகள் தோன்றின. அவற்றுள் ஐசோநையசிடுக்கும் கட்டுப்படாதவை இருந்தன. இது ஆய்வுக்கூடத்துச் செய்தி என்பதை மறக்கக் கூடாது. சோப்பினால் காசநோய்க் கிருமி மருந்துக்கு அடங்காமல் போனது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனாலும், உயிர் காக்கும் மருந்தின் பூட்டும், காலுறையில் கலக்கும் பொருளின் பூட்டும் ஒன்றாக இருப்பது நல்ல ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கே செறிவு என்ற செய்தியையும் சேர்த்து எண்ணுங்கள். சோப்பில் அது 0.3 சதவீதம். கழுவிய நீர் சாக்கடையில் கலந்து பெருகும்போது செறிவு மிக மிகக் குறைந்துவிடும். கொல்லப் போதாத, ஆனால் பழக்கிவிடப் போதுமான அளவு. எதிர்ப்புத் திறன் வளர்வதற்கு இதைவிட வசதியான பள்ளிக்கூடம் வேறு வேண்டுமா?

உடலுக்குள்ளும் ஆற்றுக்குள்ளும்

அமெரிக்காவில் 2003, 2004 ஆண்டுகளில் ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,500-க்கும் அதிகமானவர்களின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. அவர்களில் சுமார் 75 சதவீதத்தினரிடம் டிரைக்ளோசான் இருந்தது. பற்பசை வழியாக வாய்க்குள்ளும், சோப்பு வழியாகத் தோலுக்குள்ளும் அது செல்கிறது. உடல் அதைச் சில நாள்களில் வெளியேற்றிவிடும். ஆனால் இன்று வெளியேற்றியதை நாளைக் காலையில் மறுபடி உள்ளே அனுப்பிவிடுகிறோம்!

உள்ளே அது என்ன செய்கிறது? எலிகளுக்குக் கொடுத்தபோது இரத்தத்தில் தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு குறைந்தது. தலைப்பிரட்டை தவளையாக மாறுவது தைராய்டு ஹார்மோனின் ஆணைப்படி நடப்பது. 2006-ல் கனடா நாட்டு ஆய்வாளர்கள், மிகக் குறைந்த அளவு டிரைக்ளோசான் கலந்த நீரில்கூட அந்த மாற்றத்தின் ஒழுங்கு குலைவதைக் கண்டார்கள். மனிதர்களில், சிறுநீரில் டிரைக்ளோசான் மிகுதியாக உள்ள சிறுவர்களிடம் ஒவ்வாமை சற்று அதிகமாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன.

இந்த இடத்தில் நீங்கள் அறிவியல் மாணவராக நின்று யோசிக்க வேண்டும். இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. ஒவ்வாமை உள்ள வீட்டில் பெற்றோர் அஞ்சிக் கிருமிக்கொல்லி சோப்பை அதிகமாக வாங்கலாம் அல்லவா? எலிக்கு நேர்வதெல்லாம் மனிதனுக்கும் நேரும் என்பதும் இல்லை. ஆகவே இதுவரை பயன்படுத்தியவர்கள் அஞ்சித் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆனால் பயனே இல்லாத ஒன்றுக்காக, சிறிய ஐயத்தையாவது ஏன் தோளில் சுமக்க வேண்டும்?

நீர்நிலைகளின் நிலை இதைவிடத் தெளிவானது. கழிவுநீருடன் செல்லும் டிரைக்ளோசானைப் பாசிகளால் தாங்க முடிவதில்லை. நீர்வாழ் உயிர்களின் உணவுச் சங்கிலிக்கு அடிப்படை அப்பாசிகளே. வெயில் பட்டால் அதன் ஒரு பகுதி டையாக்சின் வகைப் பொருளாக மாறுகிறது. (டையாக்சின்களிலேயே மிகக் கொடிய வகை அன்று, எனினும் விரும்பத்தக்கதும் அன்று.) இது எங்கோ மேலை நாட்டுச் செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய நம் ஆறுகளின் நீரை ஆராய்ந்து 2011-ல் வெளியிடப்பட்ட ஆய்வில் டிரைக்ளோசான் கண்டறியப்பட்டது. மிக அதிக அளவு தாமிரபரணியில். லிட்டருக்குச் சுமார் 5 மைக்ரோகிராம்.

சட்டம் என்ன சொன்னது?

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத் துறை இப்பொருள்களைப் பற்றிய வரைவு விதியை 1978-ல் வெளியிட்டது. இறுதி விதி வந்தது 2016 செப்டம்பரில்! இடையில் 38 ஆண்டுகள். "நாள்தோறும் பயன்படுத்தப் பாதுகாப்பானது என்றும், சாதாரண சோப்பையும் நீரையும் விடச் சிறந்தது என்றும் நிரூபித்துக் காட்டுங்கள்" என்று தயாரிப்பாளர்களைத் துறை கேட்டது. போதிய சான்று வரவில்லை. டிரைக்ளோசானும் டிரைக்ளோகார்பனும் உட்பட 19 பொருள்கள், வீடுகளுக்கு விற்கும் சோப்பு வகைகளில் கூடா என்று விலக்கப்பட்டன. 2017-ல் இருநூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் மருத்துவர்களும், இவ்விரண்டையும் தேவையற்ற இடங்களில் பயன்படுத்த வேண்டாம் என்று உலக நாடுகளுக்குக் கூட்டறிக்கை விடுத்தார்கள்.

பற்பசையின் கதை வேறு. டிரைக்ளோசான் சேர்த்த பற்பசை ஈறு வீக்கத்தை ஓரளவு குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் இருந்தன. அதனால் 2016-ஆம் ஆண்டு விதி பற்பசையைத் தொடவில்லை. ஆயினும் அங்கே அதை விற்ற முதன்மையான நிறுவனம் 2019-ல் தானாகவே அப்பொருளை நீக்கிவிட்டது.

பென்சால்கோனியம் குளோரைடு, குளோரோசைலினால் முதலியவற்றைப் பற்றிய தீர்ப்பை அந்த விதி ஒத்திவைத்தது. டிரைக்ளோசான் போன இடத்தில் பல சோப்புகளில் வந்து அமர்ந்தவை இவையே. ஆகவே "டிரைக்ளோசான் இல்லாதது" என்று உறையில் போட்டிருந்தால், அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

இயற்கைப் பொருள்கள் நல்லவையா?

"அப்படியானால் வேம்பும் மஞ்சளும் சேர்த்த சோப்பு வாங்கிவிடலாமே!" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். முதலில் ஒரு வேடிக்கையான செய்தி. திராட்சைப்பழம் அன்று, கிரேப்ஃப்ரூட் எனப்படும் பம்பளிமாசு போன்ற ஒரு பழத்தின் விதைச்சாறு, கிருமிகளைக் கொல்லும் இயற்கைப் பொருளாக மேலை நாடுகளில் விற்கப்பட்டது. 1999-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கடையில் விற்ற ஆறு வகைச் சாறுகளைச் சோதித்தார்கள். ஐந்து வகைகள் கிருமிகளை நன்றாக அடக்கின. அந்த ஐந்திலும் பென்செத்தோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிக்கொல்லி இருந்தது. மூன்றில் கூடுதலாக டிரைக்ளோசானும் இருந்தது! செயற்கைப் பொருள் எதுவும் கலவாத ஆறாவது சாறு கிருமிகளை ஒன்றும் செய்யவில்லை. ஆய்வாளர்கள் தாமே விதையிலிருந்து எடுத்த சாறும் அவ்வாறே.

நம் வேம்பையும் மஞ்சளையும் இதனுடன் ஒப்பிட நான் வரவில்லை. அவற்றின் சாறுகள் ஆய்வுக்கூடத் தட்டில் பல பாக்டீரியாக்களை அடக்குவது உண்மையே. ஆனால் கேள்வி அதுவன்று. சோப்பில் சேர்க்கும் சிறிதளவு வேம்பு, இருபது விநாடியில், சாதாரண சோப்பை விட அதிகமாக என்ன செய்யும்? டிரைக்ளோசானிடம் கேட்ட கேள்வியை வேம்பிடமும் கேட்பதுதானே முறை! இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. வேப்பெண்ணெயை மருந்தாகப் புகட்டியதால் குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் கண்டு, உயிரிழந்ததும் உண்டு என்பது மலேசியாவிலிருந்து 1981-ல் வெளியான மருத்துவக் கட்டுரையில் பதிவாகியுள்ளது. குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுப்பது எங்கேனும் வழக்கத்தில் இருந்தால், பெரியவர்களிடம் பணிவாக இதைச் சொல்லுங்கள்.

மாறாக, நம் பாட்டிமார் பயன்படுத்திய சீயக்காயும் பூந்திக்கொட்டையும் வேறு வகை. இவற்றிலுள்ள சப்போனின் என்ற பொருள் சோப்பைப் போலவே தலையும் வாலும் உடையது. நுரைக்கும், எண்ணெயைப் பெயர்க்கும். கண்ணில் பட்டால் எரியும் என்பதை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் அறிவார்கள். பூந்திக்கொட்டைச் சாறு மீன்களுக்கு நஞ்சு. ஆகவே குளத்தில் கொட்டக் கூடாது. எலுமிச்சையும் வினிகரும் அமிலங்கள். செம்பிலுள்ள களிம்பையும் குழாயிலுள்ள உப்புப் படிவையும் போக்க மிக நல்லவை. கை கழுவச் சோப்புக்கு ஈடாகா. ஓர் எச்சரிக்கை: வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ பிளீச்சிங் பவுடருடனோ பிளீச்சுத் திரவத்துடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

கிருமிகளை அடக்க வீட்டில் செலவில்லாத வழிகளும் உண்டு. பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஈரமில்லாமல் பெருகா. பாத்திரம் தேய்க்கும் நாரும் அடுப்படித் துணியும் ஈரமாகவே கிடந்தால் அவை கிருமிப் பண்ணைகள். பிழிந்து வெயிலில் போட்டால் வெயிலின் புற ஊதாக் கதிர்களும் வறட்சியும் சேர்ந்து பெரும்பகுதி வேலையை முடித்துவிடும். கொதிக்கும் நீர் இன்னும் உறுதியானது.

கிருமிக்கொல்லிக்கு இடமே இல்லை என்பதன்று. அறுவை மருத்துவர், ஊசி போடும் செவிலியர், வீட்டில் நோயுற்றவரின் புண்ணைக் கழுவுபவர் ஆகியோருக்கு மருத்துவர் சொல்லும் கிருமிக்கொல்லி தேவை. நீர் கிடைக்காத பயணத்தில், 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் கொண்ட கை தேய்ப்பான் உதவும். அது சில விநாடிகளில் கிருமியைக் கொன்று ஆவியாகிவிடும். டிரைக்ளோசானைப் போல ஆற்றில் போய்த் தங்குவதில்லை. கையில் மண்ணோ எண்ணெயோ இருந்தால் மட்டும் அது சரிவர வேலை செய்யாது.

செய்து பாருங்கள்

அடுப்புக் கரியைப் பொடித்து, சில துளி தேங்காய் எண்ணெயில் குழைத்து, நண்பர் ஒருவரின் இரு கைகளிலும் உள்ளும் புறமும் மெல்லியதாகத் தடவுங்கள். அவர் கண்ணைத் துணியால் கட்டிவிடுங்கள். முதலில் வெறும் நீரில் கழுவச் சொல்லுங்கள். கரி அப்படியே இருக்கும். பிறகு விலை மலிவான சாதாரண சோப்பைக் கொடுத்து, வழக்கமாகக் கழுவும் அளவே கழுவச் சொல்லி, எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பெரும்பாலானவர்கள் ஐந்தாறு விநாடிகளிலேயே "முடிந்தது" என்பார்கள். கையை விரித்துக் கரி மிஞ்சியுள்ள இடங்களை ஒரு தாளில் கை வரைந்து குறியுங்கள். மீண்டும் கரி தடவி, இம்முறை 20 விநாடி, விரலிடுக்கு, புறங்கை, நகக்கண் எல்லாம் தேய்க்கச் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் பத்துப் பேரின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், முதல் முறையில் எல்லோருமே விட்டுவிடும் இடங்கள் எவை என்று தெரியும். கட்டைவிரலும் விரல் நுனிகளும் அவற்றில் இருக்கின்றனவா என்று குறிப்பாகப் பாருங்கள். சோறு பிசையும்போது முதலில் தட்டில் படுவன அவையே.